காளானை வரைகிறேன், ஆனால் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை

கேள்வி: எனக்கு 29 வயது. கவின் கலைக் கல்லூரியில் அச்சுக்கலை படித்துவிட்டு ஊர் திரும்பி, கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. சின்ன வயதிலிருந்தே எனக்குக் காளான் பைத்தியம். மழை விட்டால் நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். பார்த்ததையெல்லாம் வரைந்து வைத்திருக்கிறேன். சில பக்கங்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். போன வருடம் கலைஞர்களுக்கான ஒரு தங்கல் திட்டத்துக்கு விண்ணப்பித்தேன். ‘காளான்கள் மண்ணுக்கடியில் நம் எல்லோரையும் இணைக்கும் வலை; என் கலை அந்த இணைப்பைத் தேடுகிறது’ என்று எழுதினேன். கிடைக்கவில்லை. கூடப் படித்தவர்கள், ‘அழகா இருக்கு, ஆனா பாடப்புத்தகப் படம் மாதிரி இருக்கு, இதுல நீ என்ன சொல்ல வர்ற?’ என்கிறார்கள். அப்பாவோ, ‘நாய்க்குடையைப் படம் போட்டு என்ன பண்ணப் போற? காளான் பண்ணையாவது போடு’ என்கிறார். சொல்ல எதுவுமே இல்லாதவளுக்குக் கலை எதற்கு? காளானை விட்டுவிட்டு வேறு ஏதாவது பெரிய விஷயத்தைத் தேட வேண்டுமா?

— நீலகிரி வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

காளானை விட வேண்டாம். விண்ணப்பத்தில் எழுதிய அந்த வாக்கியத்தை விட்டுவிடுங்கள்.

அறிவியல் நூல்களுக்குச் செடியையும் பூச்சியையும் காளானையும் வரைந்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. அவ்வப்போது இளம் ஓவியர்களின் விண்ணப்பங்களைப் படித்துத் தேர்வு செய்யும் வேலையும் வரும். ‘மண்ணுக்கடியில் எல்லோரையும் இணைக்கும் வலை’ இப்போது ஐந்தில் ஒரு விண்ணப்பத்திலாவது வந்துவிடுகிறது என்று தோன்றும். மரங்கள் பூஞ்சை இழைகள் வழியாக உணவைப் பரிமாறிக்கொள்கின்றன என்ற பேச்சு, கனடாவில் சூசன் சிமார்டும் உடனிருந்தவர்களும் செய்து 1997இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு உலகம் முழுக்கப் பரவியது. அந்த ஆய்வு முக்கியமானதுதான். ஆனால் அதன் மேல் ஏற்றிச் சொல்லப்பட்ட பலவற்றுக்கு, தாய்மரம் பிள்ளைமரத்தைத் தேடிப்பிடித்து ஊட்டுகிறது என்பது போன்றவற்றுக்கு, காட்டில் கிடைத்த ஆதாரம் போதாது என்று அதே துறையைச் சேர்ந்த மூவர் 2023இல் விரிவாக எழுதினார்கள். விவாதம் இன்னும் ஓயவில்லை. அது ஒரு பக்கம் இருக்கட்டும். நீங்கள் அனுப்பிய பக்கங்களில் மண்ணுக்கடியில் நடப்பது எதுவுமே இல்லையே! நீங்கள் பார்க்காத ஒன்றை, வேறு யாரோ சொன்ன வார்த்தையில், உங்கள் நோக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். தேர்வுக்குழு நிராகரித்தது உங்கள் ஓவியத்தை என்று நான் நினைக்கவில்லை.

இனி நோட்டுக்கு வருகிறேன். அதில் ஒரு பக்கம் என்னை நிறுத்திவிட்டது. பொலீட் வகைக் காளான் ஒன்றை நெடுக்காகப் பிளந்து வரைந்திருக்கிறீர்கள். குடைக்கடியில் மடிப்புக்குப் பதில் துளைகள். சதை மஞ்சள். ஓரத்தில் பென்சிலால், ‘வெட்டும்போது மஞ்சள். ஃபாக்டரி வண்டி வருவதற்குள் முழுக்க நீலம்’ என்று குறிப்பு. காற்றுப் பட்டதும் உள்ளே இருக்கும் சேர்மம் ஆக்ஸிஜனோடு சேர்ந்து நீலமாவது பலரும் அறிந்ததே. ஆனால் அந்த மாற்றத்தை ஃபாக்டரி வண்டியின் நேரத்தால் அளந்தவர் உங்களைத் தவிர வேறு யாரும் இருக்க முடியாது. சொல்ல எதுவும் இல்லை என்கிறவர் எழுதும் குறிப்பா இது?

இன்னொன்றும் கண்ணில் பட்டது. பல பக்கங்களில் தேதிக்குப் பக்கத்தில் ‘மூட்டம். அப்பா மருந்தடித்த நாள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நாள் அடையாளத்துக்காக எழுதியிருப்பீர்கள். எந்த மருந்து, எதற்கு? மூட்டமான நாளில் தேயிலைக்கு அடிப்பது பெரும்பாலும் கொப்புள நோய்க்கான தாமிர மருந்துதான். கொப்புள நோய் ஒரு பூஞ்சை. எக்ஸோபசீடியம் வெக்சான்ஸ் என்று பெயர். நீங்கள் துரத்தித் துரத்தி வரையும் குடைக்காளான்களும் அதுவும் பெசீடியோமைசீட் என்ற ஒரே பெரும்பிரிவில் வருபவை. என்ன, அது குடை பிடிப்பதில்லை. கொழுந்தில் ஒளி ஊடுருவும் சிறு புள்ளியாகத் தொடங்கும். இலையின் மேல்பக்கம் குழிந்து, அடிப்பக்கம் புடைத்து, பிறகு அந்தப் புடைப்பின் மேல் வெள்ளை வெல்வெட் படரும். அந்த வெல்வெட்தான் ஸ்போர், அதாவது காற்றில் பறக்கும் வித்துத்தூள். முற்றிய இலையை அது தொடாது. இளந்தளிர்தான் வேண்டும், பறித்து விற்கிற அதே தளிர். வெயில் அடித்தால் அடங்கும், மூட்டம் நின்றால் பெருகும். தென்னிந்தியத் தோட்டங்களுக்கு அது வந்தது 1946இல். அதற்குப் பிறகு நீலகிரியில் தேயிலை வைத்திருக்கும் எந்தக் குடும்பமும் இந்தப் பூஞ்சையோடு மல்லுக்கட்டாமல் ஒரு மழைக்காலத்தைக் கடந்ததில்லை.

அதை நீங்கள் ஒரு தடவைகூட வரையவில்லை.

உங்களுக்குத் தெரியாததால் அல்ல என்பது எனக்குப் புரிகிறது. காளான் என்றால் உங்களுக்கு ஆசை. கொப்புளம் என்றால் வீட்டுக் கவலை. இரண்டும் வேறு வேறு அறைகளில் கிடக்கின்றன. நடுவில் இருக்கும் கதவைத் திறந்தாலே உங்கள் நண்பர்கள் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் வந்துவிடும். ஒரே வீட்டில் மகள் பூஞ்சையைத் தேடிப் போகிறாள், அப்பா பூஞ்சையை விரட்டப் போகிறார், இரண்டு பேரும் கிளம்புவது ஒரே மூட்டத்தைப் பார்த்து. இதற்கு மேல் ‘பெரிய விஷயம்’ எங்கே தேடப் போகிறீர்கள்? அச்சுக்கலை படித்தவர் என்பதால் ஒன்று சொல்லிப் பார்க்கிறேன். தாமிரத் தகட்டில் அமிலம் வைத்து அரித்து அச்செடுக்கக் கற்றிருப்பீர்கள். அப்பா தெளிப்பதும் தாமிரம். கொப்புளம் விழுந்த இலையைத் தாமிரத் தகட்டில் செதுக்கினால் என்ன? வலிந்து செய்த கெட்டிக்காரத்தனமாகப் பட்டால் விட்டுவிடுங்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது.

உங்கள் மலையைச் சுற்றி இதே போல இன்னும் கிடக்கிறது. சிவப்புக் குடையில் வெள்ளைப் புள்ளி வைத்த அமானிடா மஸ்காரியா, ஐரோப்பியக் குழந்தைகள் கதைப்படத்தில் வருமே, அது நீலகிரியின் பைன் தோப்புகளில் முளைக்கிறது. இந்த மண்ணுக்குச் சொந்தமானது இல்லை. பைன் மரத்தின் வேரோடு கூட்டு வைத்து வாழும் காளான் அது. மரம் வந்தது, வேரோடு அதுவும் வந்தது. கற்பூர மரத்தடியில் (யூகலிப்டஸைத்தான் சொல்கிறேன்), காய்ந்த சாணி உருண்டை வெடித்துக் கிடப்பது போல, பழுப்புப் பொடியைக் கக்கிக்கொண்டு ஒன்று நிற்கும், பார்த்திருப்பீர்கள். அழகில்லை என்று வரையாமல் விட்டிருப்பீர்கள். அதன் பெயர் பைசோலித்தஸ். கற்பூர மரத்தின் கூட்டாளி. புல்வெளியும் சோலையுமாக இருந்த மலையில் வெள்ளைக்காரர்கள் கற்பூர மரமும் சீகையும் (வாட்டில் மரம்) பைனும் நட்ட வரலாற்றை மரங்களை வைத்து எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். காலடியில் இருப்பதை வைத்து யாரும் வரைந்து நான் பார்த்ததில்லை. சோலைக்குள் எது, பைன் தோப்பில் எது, தேயிலை ஓரத்தில் எது என்று பிரித்து வரைந்தாலே அந்த வரலாறு தானாகத் தெரியும். நீங்கள் ஒரு வார்த்தை விளக்கம் எழுத வேண்டியதில்லை.

பாடப்புத்தகப் படம் என்ற குற்றச்சாட்டைப் பற்றி. அப்படிச் சொல்பவர்களுக்குப் பாடப்புத்தகப் படம் எவ்வளவு கஷ்டம் என்று தெரியாது, போகட்டும். அமெரிக்காவின் பால்டிமோரில் மேரி பேனிங் என்று ஒரு பெண் இருந்தார், 1822இல் பிறந்தவர். நோயாளிகளான தாயையும் சகோதரியையும் பார்த்துக்கொண்டே, மேரிலாண்ட் மாநிலத்தின் காளான்களை மட்டும் 1868 முதல் 1888 வரை நீர்வண்ணத்தில் வரைந்தார். ஏறத்தாழ 175 படங்கள். கல்லூரிப் பட்டம் கிடையாது, பதவி கிடையாது. நியூயார்க் மாநிலத் தாவரவியலாளர் சார்லஸ் பெக்குக்குக் கடிதம் எழுதி எழுதியே கற்றார். அறிவியலுக்குப் புதிய இனங்களையும் விவரித்தார். கடைசியில் கையெழுத்துப் பிரதியை 1890இல் பெக்குக்கே அனுப்பிவைத்தார். அது அச்சாகவில்லை. அங்கே ஓர் அலமாரி அறைக்குள் கிடந்து, 1980களின் தொடக்கத்தில்தான் வெளியே வந்து கண்காட்சியில் வைக்கப்பட்டது. அவர் 1903லேயே போய்விட்டார்.

பொறுமையாக இருந்தால் உலகம் ஒருநாள் கொண்டாடும் என்று ஆறுதல் சொல்ல இந்தக் கதையைச் சொல்லவில்லை. செத்தபின் கிடைக்கும் கண்காட்சியால் யாருக்கு லாபம்? நான் காட்ட விரும்புவது அவர் போட்டுக்கொண்ட எல்லையை. உலகக் காளான் எல்லாம் என்று கிளம்பவில்லை. ஒரு மாநிலம், தன் கையெட்டும் தூரம். அந்த எல்லை இருந்ததால்தான் ஒவ்வொரு படமும் முந்தையதோடு சேர்ந்து ஒரே வேலையாக ஆயிற்று. உங்கள் நோட்டில் கோத்தகிரி இருக்கிறது, நடுவில் வயநாடு சுற்றுலா வருகிறது, இணையத்தில் பார்த்து வரைந்த ஜப்பான் காளான் ஒன்றும் வருகிறது. ஆசை எல்லாப் பக்கமும் ஓடுகிறது. அதற்கு ஒரு வேலி போடுங்கள், நோக்கம் எங்கே என்று தேட வேண்டியிருக்காது.

பியாட்ரிக்ஸ் பாட்டர் பெயரை நீங்களும் கேட்டிருப்பீர்கள், முயல் கதைகள் எழுதியவர். அதற்கு முன்பு அவர் நூற்றுக்கணக்கில் காளான் வரைந்தவர். 1897இல் காளான் ஸ்போர் முளைப்பது பற்றி அவர் எழுதிய கட்டுரை லண்டன் லின்னேயன் சங்கத்தில் சமர்ப்பிக்கப்பட்டபோது, பெண் என்பதால் அவரால் கூட்டத்துக்கே போக முடியவில்லை. எல்லோரும் இந்த அநியாயத்தைத்தான் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஸ்காட்லாந்தில் சார்லஸ் மெக்கின்டாஷ் என்ற கிராமத்துத் தபால்காரர், காளான்களை நன்றாக அறிந்தவர், பாட்டரின் படங்களைப் பார்த்துவிட்டு, அழகாக இருந்தால் போதாது, குடையைப் பிளந்து குறுக்குவெட்டையும் வரை, மடிப்பு தண்டோடு எப்படி ஒட்டுகிறது என்று காட்டு என்று வழிகாட்டினார். தபாலில் காளான் அனுப்புவார், இவர் படம் அனுப்புவார். படங்கள் அதன் பிறகு மாறின. 1967இல் பிரிட்டிஷ் காளான்களைப் பற்றி வந்த ஒரு கையேட்டில் அவை பயன்பட்டன. உங்களுக்கும் ஒரு மெக்கின்டாஷ் வேண்டும். கலை விமர்சகர் வேண்டாம், காளான் தெரிந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயர் ஆய்வு மையத்தில் பூஞ்சையியலுக்கு நீண்ட மரபு உண்டு. நீலகிரி பைன் வேர்களின் காளான்களையே ஆராய்ந்தவர்கள் அங்கே இருந்திருக்கிறார்கள். நாலு நல்ல பக்கங்களை ஸ்கேன் செய்து, அளவுகோலோடு, எந்த மரத்தடி, என்ன வாசனை, என்ன ஸ்போர் நிறம் என்ற விவரத்தோடு எழுதிப் பாருங்கள். ‘இது என்ன?’ என்று மொபைல் போட்டோ அனுப்புகிறவர்களுக்கு நடுவில் உங்கள் கடிதம் தனியாகத் தெரியும்.

ஸ்போர் நிறம் என்றதும் ஒரு ஆச்சரியம். அச்சுக்கலை படித்த நீங்கள் ஒரு பக்கத்தில்கூட ஸ்போர் அச்சு எடுக்கவில்லை! மைகூட வேண்டாம், பிரஸ்ஸும் வேண்டாம், காளானே அச்சடித்துக் கொடுக்கும். நன்றாக விரிந்த குடையின் தண்டை ஒட்ட அறுத்துவிட்டு, மடிப்புப் பக்கம் கீழே இருக்கும்படி காகிதத்தில் வையுங்கள். காகிதத்தில் பாதி கறுப்பு, பாதி வெள்ளை. வெள்ளை ஸ்போர் கறுப்பில் தெரியும், கறுப்பு ஸ்போர் வெள்ளையில் தெரியும். குடையின் உச்சியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, காற்று ஆடாமல் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்துவிட்டுப் படுத்துவிடுங்கள். காலையில் டம்ளரை நேர்மேலாகத் தூக்குங்கள், குடையையும் அப்படியே. மடிப்புக்கு மடிப்பு, இடைவெளிக்கு இடைவெளி, தொட்டால் கலையும் மெல்லிய பொடியில் வட்ட அச்சு கிடக்கும். டம்ளரைக் கொஞ்சம் தூக்கி வைத்தால் காற்றோட்டத்தில் ஒரு பக்கம் இழுபட்டுப் புகை போல வரும். அது பிழையில்லை, அதையும் வைத்துக்கொள்ளுங்கள். பொடி உதிராமல் பிடித்துவைக்கும் ஃபிக்ஸேடிவை எட்ட நின்று மெல்லிய படலமாகப் பல முறை அடிக்க வேண்டும், கிட்டே போனால் பறந்துவிடும். புல்தரையில் மழைக்குப் பின் பெரிய வெள்ளைக் குடையில் பழுப்புச் செதிலோடு வருமே, குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ், அதை ஒருமுறை இப்படி வைத்துப் பாருங்கள். அச்சு மங்கிய பச்சையில் விழும்.

பைசோலித்தஸைச் சொன்னேன் அல்லவா, அது சாயக் காளானும்கூட. சாயம் பிடிக்கப் படிகாரத்தில் ஊறவைத்த கம்பளி நூலில் பொன்பழுப்பு ஏறும். இரும்பு சேர்த்தால் கறுக்கும். பருத்தியில் அவ்வளவாகப் பிடிக்காது. கலிஃபோர்னியாவில் மிரியம் ரைஸ் என்ற ஓவியர் காளான் சாயத்தையே தன் வேலையாக எடுத்துக்கொண்டு 1974இல் அதற்கென்று ஒரு புத்தகம் போட்டார். கற்பூர மரத்தடிச் சாயத்தில் நீலகிரிக் கம்பளி. செய்து பார்க்கலாம்தானே? எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம். ஸ்போர் அச்சு முதலில்.

ஜான் கேஜ் என்ற அமெரிக்க இசையமைப்பாளர் தீவிரக் காளான் பிரியர். 1959இல் இத்தாலியத் தொலைக்காட்சி விநாடி வினா ஒன்றில் காளான் கேள்விகளுக்குப் பதில் சொல்லியே 50 லட்சம் லிரா வென்றவர். 1962இல் நியூயார்க்கில் ஒரு காளான் சங்கத்தை நண்பர்களோடு நிறுவினார். அவருடைய இசை காளானைப் பற்றியது அல்ல. காளானில் பழகிய கவனத்தை இசைக்குக் கொண்டுபோனார், அவ்வளவுதான். உங்களுக்கும் நாளை வேறு பொருள் வரலாம். வரட்டும். இப்போதே தேடிப் போக அவசியமில்லை.

சில எச்சரிக்கைகள், சுருக்கமாக. காளான் வரைபவர் என்று ஊரில் பெயர் விழுந்ததும் ‘இதைத் தின்னலாமா?’ என்று கூடையோடு வந்து நிற்பார்கள். தெரியாது என்று சொல்லிவிடுங்கள், தெரிந்தாலும். மேலே சொன்ன பச்சை அச்சுக் காளான் நல்ல காளான் போலவே இருக்கும். தின்றவரை வாந்தி பேதியில் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்க்கும். விஷக்காளான் பட்டால் வெள்ளிக் கரண்டி கறுக்கும், புழு தின்றால் நாமும் தின்னலாம் என்பதெல்லாம் கட்டுக்கதை. அடுத்து, மலை, காளான் என்றதும் போதைக் காளானைக் கேட்டு வரும் பயல்களும் உண்டு. அதில் இருக்கும் போதைப்பொருளான சிலோசிபின் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. உங்கள் நோட்டில் எந்த இடத்தில் எது முளைக்கிறது என்று துல்லியமாக எழுதியிருப்பதால், நோட்டை இணையத்தில் போடும்போது இடப்பெயரை மறைத்துவிடுங்கள். சோலைக்குள் போய்ப் பறிக்க வனத்துறை அனுமதி வேண்டும். லாங்வுட் சோலை உங்களுக்குப் பக்கம்தான் என்றாலும் அனுமதிக் கடிதம் இல்லாமல் கத்தியோடு உள்ளே போகாதீர்கள். கோத்தகிரிப் பக்கம் நல்ல மழை வடகிழக்குப் பருவத்தில்தான் என்பது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வனத்துறைக்கு எழுதும் கடிதத்துக்குப் பதில் வர நாளாகும், இப்போதே எழுதிப் போடுங்கள்.

கணக்கு வேலையை விடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தின் தொனியில் அது ஒளிந்திருக்கிறது. விடாதீர்கள். காளான் படத்தை விற்று இந்த நாட்டில் குடும்பம் நடத்துகிறவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. நூலுக்கு வரைந்து கொடுப்பது, பள்ளியில் பயிலரங்கு நடத்துவது, கொஞ்சம் அச்சுப் படங்கள் விற்பது என்று சேர்ந்தால் தாளுக்கும் மைக்கும் கட்டுப்படியாகும். தொழிற்சாலையில் கொழுந்து எடை போடும் இடத்தில் கொப்புள இலை எவ்வளவு வருகிறது என்று பார்க்கும் வாய்ப்பு வேறு எந்த ஓவியருக்கும் கிடையாது, அதையும் நினைத்துப் பாருங்கள்.

அடுத்த விண்ணப்பத்துக்கு இப்படித் தொடங்கலாம்: ‘என் அப்பா தேயிலையில் பூஞ்சைக்கு மருந்தடிக்கிறார். நான் அதே தோட்டத்தின் ஓரத்தில் பூஞ்சைகளை வரைகிறேன். ஒரு மழைக்காலம் முழுக்க, எங்கள் நிலத்திலும் அதை ஒட்டிய பைன் தோப்பிலும் சோலையிலும் முளைப்பவற்றை வரைந்தும் ஸ்போர் அச்செடுத்தும் சேர்க்கப் போகிறேன்.’ இதோடு நிறுத்திவிடுங்கள். இணைப்பு, வலை, பிரபஞ்சம் எதுவும் வேண்டாம். அப்பாவிடம் முதலில் படித்துக் காட்டுங்கள். மருந்தடிக்கும் நாள், அளவு எல்லாம் அவரைக் கேட்காமல் எழுத முடியாது.

பண்ணை விஷயத்துக்கு வருவோம். அப்பா கேலியாகச் சொன்னாலும் யோசனை மோசமில்லை. வியாபாரமாக இறங்குவதென்றால் வேளாண் பல்கலைக்கழகப் பயிற்சிக்குப் போய்வந்து முடிவெடுங்கள். பால்காளானுக்குச் சூடு வேண்டும், உங்கள் குளிருக்கு மொட்டுக்காளானும் சிப்பிக்காளானும்தான் சரிப்படும். வியாபாரம் செய்யாவிட்டாலும் சிப்பிக்காளானுக்கு ஒரு படுக்கை போட்டுவையுங்கள். வைக்கோலை வேகவைத்து ஆற்றி, பாலிதீன் பையில் அடுக்கடுக்காகக் காளான் விதை தூவிக் கட்டினால், சில வாரங்களில் பை வெள்ளையாகிவிடும். பிறகு ஓட்டை வழியாகக் குண்டூசித் தலை அளவில் மொட்டு எட்டிப் பார்க்கும். மழையில்லாத பிப்ரவரியிலும் வரைய மாடல் கிடைக்கும். ஒரே காளானை மொட்டிலிருந்து ஸ்போர் உதிர்வதுவரை தினம் ஒரு படமாகப் பிடிக்கலாம். காட்டில் அது முடியாது, அடுத்த நாள் போனால் மாடு மிதித்திருக்கும். வரைந்து முடித்ததை அம்மாவிடம் கொடுத்துக் குழம்பு வைக்கச் சொல்லுங்கள், கடையில் வாங்கிய விதையில் வந்ததுதானே.